ஜாயிண்டுக்குக் கட்டிய தோலுறை

யுத்த காலத்தில் நான் திருச்சுழி பஸ்ஸில் கிளீனர். எதற்கும் பயப்படுகிறவன். பின்சக்கரத்துக்குப் போகும் தண்டின் ஜாயிண்டில் புழுதி புகாமலிருக்க, கிரீஸ் அடைத்துத் தோலுறை கட்டியிருப்போம். புறப்படுமுன் அதைக் குனிந்து பார்க்காமல் ஏறமாட்டேன்.

அன்று டிரைவர், என் சிநேகிதன், "ஏலே, நான் பாத்துட்டேன். பொண்டாட்டியக்கூட நீ இம்புட்டுப் பாக்க மாட்ட. ஏறு" என்றான். சிரித்துக்கொண்டே ஏறினேன்.

பாதி வழியில் ஜாயிண்டு உடைந்தது. உறையைக் காணோம்.

"இவந்தான் கட்டாம விட்டுட்டான்" என்று டிரைவர் முதலாளியிடம் சொன்னான்.

வேலைக்காக முதலாளி காலில் விழக் குனிந்தேன். பக்கத்தில் நின்ற சிநேகிதன் காலில் புதுச் செருப்பு. அதன் வாரில் வரிசையாகத் துளைகள், நான் தினமும் கயிறு கோத்த அதே துளைகள். நிமிர்ந்து பார்த்தேன். அவன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். நான் மறுபடியும் குனிந்துகொண்டேன். வேலையும் போயிற்று.

என்னைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். பயப்படாமல் நான் பஸ் ஏறியது அன்று ஒருநாள்தான்.