தூக்குவாளியில் கொண்டுவந்த தண்ணீர்

எனக்கு வயது எழுபத்தெட்டு. நான் வளர்த்து ஆளாக்கியது ஐந்து பேர். ஐந்து பேரும் மயிலாப்பூரில் வாடகை வீட்டில் வளர்ந்தவர்கள்தான். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் என் சின்ன மகனுக்குப் பெண் பார்த்தோம். சிந்தாதிரிப்பேட்டைப் பெண். போட்டோவிலேயே எனக்குப் பிடித்துப்போனது. அவனுக்கு என்னைவிட அதிகமாகப் பிடித்துப்போனது. ஆனால் தரகர் போகிற போக்கில், "சொந்த வூடான்னு பொண்ணோட அப்பா கேக்குறாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மகனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் வேலை பார்த்த பட்டறை ஈக்காட்டுத்தாங்கலில். பக்கத்திலேயே புதிதாக ஃபிளாட் கட்டியிருந்தார்கள்.

"லோன் போட்டு வாங்கிடலாம்மா. பொண்ணு பாக்கப் போறதுக்குள்ள அட்வான்ஸ் குடுத்துட்டா, தைரியமா சொந்த வூடுன்னு சொல்லலாம்."

"நான் வந்து பாக்காம எதையும் குடுக்காதே" என்றேன். அவன் அப்பா காலமான பிறகு எங்கள் வீட்டில் என் பேச்சுதான் கடைசிப் பேச்சு.

சித்திரை வெயிலில் போனோம். மகன் ஜன்னல்களைத் திறந்து திறந்து காட்டினான். நான் நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயில் தூக்குவாளி நிறையத் தண்ணீர் பிடித்தேன்.

"இன்னாம்மா, ஊருக்கு எடுத்துக்கினு போறியா?" என்று சிரித்தார் வீடு காட்ட வந்தவர்.

"பருப்பு வேகுதான்னு பாக்கணும்யா."

உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் முழுசாகவே கிடக்கும். வீடு பார்க்கப் போனால் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் இப்படித்தான் தண்ணீரோடு திரும்பி வருவோம்.

அன்றைக்குப் பருப்பு பூவாக வெந்தது. மகன் கரண்டியால் மசித்து மசித்து, "பாத்தியா? பாத்தியா?" என்று குதித்தான். நானும் சரி என்றுவிட்டேன்.

அட்வான்ஸ் கொடுக்கப் போன அன்று, அந்தக் கட்டடத்து வாசலில் ஒரு பெண் காலிக் குடங்களோடு நின்றாள். கீழ் வீட்டுக்குக் குடி வந்தவளாம்.

"இன்னாம்மா நிக்கிறே?"

"லாரி வரணும்க்கா. நீ வூடு பாக்க வந்தியே, அன்னிக்கு லாரி வந்து தொட்டி ரொப்பினதோட சரி. போர் தண்ணி ஒரே உப்பு, வாயில வெக்க முடியாது."

தண்ணீரைச் சோதித்தேனே தவிர, அது எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

"வாடா, வூட்டுக்குப் போலாம்" என்றேன்.

"அப்ப கல்யாணம்?"

"வாடகை வூடுதான்னு நானே சொல்றேன். வேணாம்னா அவங்க இஷ்டம்."

பஸ்ஸில் அவன் என் பக்கத்தில் உட்காரவில்லை.

பெண் பார்க்கப் போனோம். அந்தச் சந்து முழுக்க பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. ஒன்றைத் தாண்டி ஒன்றாகத்தான் உள்ளே போனோம். காபி வருவதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்: "எங்களுக்குச் சொந்த வீடு இல்லை. இப்ப வாங்குறதாவும் இல்லை."

பெண்ணின் அப்பா, "ஓகோ" என்று இழுத்தார். மகன் தரையைப் பார்த்தான்.

காபித் தட்டோடு வந்து நின்ற பெண்தான் பேசினாள். "அத்தை, உங்க வூட்டுல வெயில் காலத்துல தண்ணிக்கு எப்படி?"

"வீட்டுலயே கெணறு. சித்திரையிலயும் வத்தாது. பருப்பு அதுலதான் வேகுது."

அவள் அப்பாவைப் பார்த்தாள். "எனக்கு அந்த வூடே போதும் நைனா."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தெனம் கொடம் தூக்குறவ அவ. நான் இன்னா சொல்றது?" என்று எங்கள் பக்கம் வெற்றிலைத் தட்டை நகர்த்தினார்.

இன்றும் நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம். இன்றும் வாடகைதான்.

எழுதிவிட்டாயா கண்ணு? எனக்கு எழுத்துக் கூட்டுவதற்குள் பொழுது போய்விடும். நீயே படி. உன் அம்மா காபித் தட்டோடு வந்து நின்று கேட்டாளே, அங்கிருந்து படி.