பல் ஒட்டக் கிடைத்த உத்தரவு

அறுபதுகளின் நடுப்பகுதி. திண்டுக்கல்லில் ஒரு நூல் மில்லில் எனக்கு வேலை. பஞ்சைச் சிக்கெடுக்கும் பிரிவு. ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக இருக்கும். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. மனைவிக்குக் குஜிலியம்பாறைப் பக்கம். மழையை நம்பிப் பிழைக்கும் ஊர்க்காரி, ஆனாலும் எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். மில்லுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். நான் தெருமுனை திரும்பும்போதே அவள் யாரோடாவது சிரித்துக்கொண்டிருப்பது காதில் விழும்.

அந்த ஆவணியில், குழாயடிக் கூட்டத்தில் அது நடந்தது. முன்னால் நின்ற பெண் நிறைந்த பித்தளைக் குடத்தைத் தூக்கி இடுப்புக்குத் திருப்பினாள். குனிந்திருந்த என் மனைவியின் வாயில் குடத்தின் விளிம்பு பட்டது. மேல்வரிசையில் இரண்டு முன்பற்களும் பாதியாக, சாய்வாக உடைந்துபோயின. குடம் வைத்திருந்தவள் என் மனைவியைவிட அதிகமாக அழுதாள். யாரைக் குற்றம் சொல்வது?

உதட்டுக் காயம் ஆறிவிட்டது. சிரிப்பு மட்டும் திரும்பி வரவில்லை. பேசும்போது முந்தானை தானாக வாய்க்குப் போய்விடும். காற்றுப் பட்டாலே பல் கூசுகிறது என்று வெந்நீரைத்தான் குடித்தாள். தையில் அவளுடைய ஒரே தம்பிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சு இவள்தான் போட வேண்டும். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "நான் கல்யாணத்துக்கு வரலைங்க. அம்புட்டுச் சனமும் பொண்ணைப் பாக்காது, என் வாயைத்தான் பாக்கும்."

ஊருக்குள் ஒரு பல் வைத்தியர் இருந்தார். அவரிடம் கூட்டிப்போனேன். அவர் சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "வேர் நல்லா இருக்கு. பிடுங்க வேண்டாம். பல் நிறத்துலயே ஒரு மாவு இருக்கு. அதைக் குழைச்சு வச்சு உடைஞ்ச பாதியை ஒட்டிரலாம். பாத்தா தெரியாது" என்றார். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. கூலியைக் கேட்டதும் அவளே எழுந்துவிட்டாள். என் ஒரு மாசச் சம்பளமே அதற்குப் போதாது.

அப்போதுதான் மில்லில் ஒருவர் இன்சூரன்ஸை ஞாபகப்படுத்தினார். எங்கள் சம்பளத்தில் மாசாமாசம் இன்சூரன்சுக்கென்று பிடிப்பார்கள். அதற்குப் பதிலாக ஆஸ்பத்திரியில் மருந்து மாத்திரை கிடைக்கும். முதலில் தொழிலாளிக்கு மட்டும் இருந்தது, பிறகு குடும்பத்துக்கும் உண்டு என்றார்கள். பிடிக்கும்போதெல்லாம் முணுமுணுத்த நான் அன்றைக்கு அதைக் கும்பிட்டேன். உள்ளூர் ஆஸ்பத்திரி டாக்டர், பல்லென்றால் மதுரைக்குத்தான் போக வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மார்கழி பிறந்த பிறகுதான் எனக்கு லீவு கிடைத்தது.

மதுரைக்குப் பஸ்ஸில் போகும்போது அவள் நெடுநாளைக்குப் பிறகு நன்றாகப் பேசிக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு எந்தச் சேலை கட்டுவது என்பது வரைக்கும் பேச்சு போனது.

பெரிய ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் நல்ல மனிதர்தான். கோபப்படவில்லை. "பிடுங்கணும்னா இப்பவே இலவசமாப் பிடுங்கி விட்டுருவேன். ஒட்டணும்னா எனக்கு அதிகாரம் கிடையாது. அழகுக்குச் செய்யறதுக்கு இன்சூரன்ஸ்ல இடமில்ல. மேலதிகாரி உத்தரவு போட்டாச் செய்யலாம். ஆபீஸ் ரெண்டு தெரு தள்ளி இருக்கு, கேட்டுப் பாருங்க" என்றார்.

அவளை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தேன்.

"செத்த நேரம் இரு. கேட்டுட்டு ஓடியாந்துர்றேன்."

"திட்டுவாகளோ?" என்றாள்.

"திட்டினா திட்டட்டும். நம்ம காசுதானே பிடிக்கிறாக."

ஆபீசில் குமாஸ்தா தலையைத் தூக்காமலே இல்லையென்றுவிட்டார். அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றேன். சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார், நிற்கிறதானால் நில் என்றார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுச் சுவரோரமாக நின்றேன். போகிறவர், வருகிறவர் எல்லாரும் எதற்கு நிற்கிறாய் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் என் மனைவியின் பல்லைப் பற்றிச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். "பொண்டாட்டி பல்லுக்கா இவ்வளவு தூரம் வந்தே?" என்று கேட்டார். அவளை அங்கே கூட்டி வராதது நல்லதாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அதிகாரி வந்ததும் உள்ளே விட்டார்கள். வயதானவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கடிக்கிறதுக்குக் கடைவாய்ப் பல் இருக்குல்ல? முன்பல் இல்லாம எத்தனையோ பேர் இருக்காங்க" என்றார்.

வழி நெடுக யோசித்து வைத்திருந்த நியாயமெல்லாம் எனக்கு மறந்துபோனது. "ஐயா, ஆவணியிலருந்து அவ சிரிக்கலைங்கய்யா" என்றேன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. ஆபீசில் போய்ச் சொல்கிற காரணமா அது?

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "எந்த ஊர்?" என்றார். சொன்னேன். "பல் உடைஞ்சதால பேச்சு குழறுது, சாப்பிட முடியலன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கு. நான் உத்தரவு போடறேன். இப்பவே போய், நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லு."

கும்பிட்டேனா, என்ன சொன்னேன் என்பதே நினைவில்லை. வெயிலில் ஓடினேன். செருப்பை மாட்ட மறந்து, பாதி வழியில் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினேன். பூக்காரியிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கினேன். மார்கழியில் மல்லிகை கிடைப்பதே பெரிது.

அவள் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். வாய் நிறையப் பஞ்சு. மோவாயிலும் சேலைத் தலைப்பிலும் ரத்தம். கண் சிவந்திருந்தது.

எனக்கு எதுவும் புரியவில்லை. பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த ஆயாதான் சொன்னாள்: "அந்தப் பொண்ணேதான் கேட்டுச்சுப்பா. டாக்டரு, வீட்டுக்காரர் வரட்டுமேன்னு கூடச் சொன்னாரு. இல்ல, பிடுங்கிருங்கன்னு ஒரே பிடியா நின்னுருச்சு."

பெஞ்சில் இவளுக்குப் பக்கத்தில் இன்னொரு மில்லுக்காரர் மனைவி உட்கார்ந்திருந்தாளாம். அவள் புருஷனும் எதற்கோ அந்த ஆபீசுக்குப் போய், அதிகாரி காலில் விழுந்தும் நடக்கவில்லையாம். நாயைத் துரத்துகிற மாதிரித் துரத்திவிட்டார்கள் என்று அழுதாளாம். நேரம் ஆக ஆக, நான் எங்கேயோ யார் காலிலோ விழுந்துகொண்டிருக்கிறேன் என்று இவளுக்குத் தோன்றிவிட்டது. டாக்டர் வீட்டுக்குக் கிளம்பும் நேரமும் வந்துவிட்டது. எழுந்து உள்ளே போய்விட்டாள். இதெல்லாம் மறுநாள் வாய் திறக்க முடிந்த பிறகு அவள் சொன்னது. "உங்களை ஒருத்தன் ஏலேன்னு சொல்றதுக்கு எனக்கு என்னத்துக்குங்க பல்லு?" என்றாள்.

அந்த நேரத்தில் பெஞ்சிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்து, கையை மட்டும் விரித்து ஆட்டினாள். 'போன காரியம் என்ன ஆச்சு?' என்று கேட்கிறாள்.

தலையை ஆட்டினேன். "இல்லைன்னுட்டாங்க" என்றேன்.

அவள் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். 'நான் செய்ததுதான் சரி' என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. என் கையைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாளாம். வாங்கிய மல்லிகையை அவளே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஊர் திரும்பும் சனம் நெருக்கி ஏறியது. அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். திண்டுக்கல் மலை தெரியும்வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஓர் அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்ற ஒரு நினைப்பைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

தையில் கல்யாணத்துக்குப் போனோம். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நாத்தனார் முடிச்சைப் போட்டாள். பெண்ணின் வீட்டார், "மாப்பிள்ளைக்கு அக்கா ரொம்பக் கர்வக்காரி போல" என்று பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது. பந்தியில் அவள் கடைசியாக, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பல வருஷம் கழித்து, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு கட்டுப்பல் வாங்கிக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டாள். ஆனால் வாய்க்கு முந்தானை போவது நிற்கவில்லை. சிரிப்பு வந்தால் சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கும். தெருமுனையில் கேட்ட அந்தச் சிரிப்பைப் பிள்ளைகள் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒன்றுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. யாராவது பல்லைப் பற்றிக் கேட்டால் அவள் பெருமையாகச் சொல்லுவாள்: "இவுக மதுரையில கேக்காத எடமில்ல. இல்லைன்னு தொரத்திட்டாக. நல்லவேளை, நான் முந்திக்கிட்டேன்." ஒவ்வொரு முறையும் நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன்.

அவள் காலமாகிவிட்டாள். அதனால்தான் இதை எழுத முடிகிறது. அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு வேதனை கூடியிருக்கும், சொல்லாததால் அது எனக்கு மட்டும் என்று ஆயிற்று. என்னை அவமானத்திலிருந்து காப்பாற்றிவிட்டதாக அவள் கடைசிவரை நம்பினாளே, அந்த நம்பிக்கையைத் தவிர அவளுக்கென்று நான் காப்பாற்றிக் கொடுத்தது வேறு ஒன்றுமில்லை.