கிளாரா மேயின் கொதிகலன் அறை

"தலையப் பாத்து எறங்குங்க, கம்பி இடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே தன் தலையை இடித்துக்கொள்கிறார் கிட்டுசாமி. சனிக்கிழமை தவறாமல் இது நடக்கிறது.

ஜெர்சி சிட்டி படகுத்துறையில் நிரந்தரமாகக் கட்டிப்போட்டிருக்கும் 'கிளாரா மே' ஒரு பழைய நீராவிப் படகு. பார்க்க வருகிறவர்களுக்கு அதன் கதையைச் சொல்லும் தன்னார்வலர் இவர். தாராபுரத்துக்காரர். வாரநாட்களில் ஒரு வங்கிக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங்.

"நூறு வருசத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கெழமையானா ஆயிரம் பேருங்க! பேண்டு வாத்தியம், டான்ஸு, சாப்பாட்டுக் கூடை... ஹட்சன் ஆத்துல மேல போயி பிக்னிக் முடிச்சுட்டுப் பொழுதோட திரும்பிருவாங்க" என்பார், தானும் டிக்கெட் எடுத்துப் போனவர்போல.

மனைவி ருக்மிணிக்கு ஒரே குறை. "வீட்டு டிஷ்வாஷர் மூணு மாசமா லீக்கு. இவரு அங்க போயி பித்தளைக் கைப்பிடிய பாலிஷ் பண்றாருங்க."

1938இல் கொதிகலன் அறையில் நீராவிக் குழாய் வெடித்ததையும் சொல்வார். கரி தள்ளும் தொழிலாளி வால்டர் இறந்துபோனார். அவருடைய கவனக்குறைவே காரணம் என்று படகைப் பராமரிக்கும் அறக்கட்டளையின் கையேட்டில் அச்சாகியிருந்தது. நான்கு வருடமாகக் கிட்டுசாமியும் அப்படியே சொல்லிவந்தார்.

சென்ற மே மாதம், கூட்டம் கலைந்த பிறகும் எண்பது வயதுப் பெண்மணி ஒருவர் நின்றார். வால்டரின் பேத்தி, பெயர் டோரத்தி. கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். விபத்துக்குப் பத்து நாள் முன்பு வால்டர் படகிலிருந்து, வெளியூரில் இருந்த மனைவிக்கு எழுதியது. வால்வு இறுகிக் கிடக்கிறது, இரண்டு முறை சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று இருந்தது.

கிட்டுசாமி அன்றே தேடலில் இறங்கினார். அறக்கட்டளையின் பழைய பெட்டிகளைக் கிளறி, இயந்திர அறைக் குறிப்பேட்டைக் கண்டுபிடித்தார். அதே கையெழுத்தில் அதே புகார், மூன்று இடங்களில். பழைய சிநேகிதம் என்பதால் எனக்குப் போன் செய்தார்.

"பழுதுன்னு பக் ரிப்போர்ட் பண்ணுன மனுசன் மேலயே பழியப் போட்டுட்டாங்க! நானும் அந்தம்மா முன்னாடி அதையே..."

கையேட்டை மாற்ற வேண்டுமானால் குழு கூடி முடிவெடுக்க வேண்டும் என்றார்கள் அறக்கட்டளைக்காரர்கள்.

"அவங்க கூடறப்பக் கூடட்டுமுங்க. அதுக்குள்ள சனிக்கெழமை வந்துருமே" என்றார் கிட்டுசாமி.

அந்தச் சனிக்கிழமைக்கு டோரத்தியை அழைத்திருந்தார். நானும் போயிருந்தேன். கொதிகலன் அறைக்குள் வந்ததும் கிட்டுசாமி தன் மைக்கை டோரத்தியிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் கடைசி ஆளாகப் போய் நின்றுகொண்டார்.