பூக்கட்டிப் பார்த்த டாக்சிக்காரர்

அறுபதுகளில் ஒரு நாள், தங்கையின் கூறைப்புடவையை மடியில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரத்தில் நான் ஏறிய டாக்சி கிளம்பவே இல்லை. கார்புரேட்டர் போய்விட்டது. வெற்றிலைச் சாறு படிந்த மீசைக்காரரான டிரைவர், பழைய சாமான் கடையிலிருந்து இரண்டு கார்புரேட்டர்களை எடுத்து வந்தார். சின்னது இந்த வண்டிக்கே உரியது. பெரியது பந்தயக் காரில் இருந்ததாம். அதைத்தான் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

எந்தக் கடையில் சாப்பிடுவது என்பதற்கே பூக்கட்டிப் பார்க்கிற மனிதர் என்று ஸ்டாண்டில் சொன்னார்கள். அரளியையும் நந்தியாவட்டையையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, அம்மன் கோயில் வாசலில் வைத்தார்.

“வெள்ளப் பூ வந்தா சின்னது, செவப்பு வந்தா பெருசு. எடுங்க சார்.”

வெள்ளை வந்தது.

“இன்னொரு தபா எடுங்க.”

மறுபடியும் வெள்ளை. பெருமூச்சு விட்டுவிட்டு, பெரியதையே மாட்டினார்.

“காலையில முகூர்த்தம்பா” என்று நான் கெஞ்சியது அவர் காதில் விழவில்லை.

ஊரை ஒட்டிய ஓரிக்கையைத் தாண்டுவதற்குள் வண்டி கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றது. இறங்கிப் பார்த்தவர் என்னைத்தான் முறைத்தார்.

“நீங்க செவப்ப எடுத்திருந்தா இப்படி ஆயிருக்குமா சார்?”

நடுரோட்டில் புடவையும் கையுமாக நின்ற நான், அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.