இடது காது

நண்பர்களே, நான் ராசிபுரத்துக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதமாகிறது. தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை. வெளியூர் வாத்தியார் என்று ஒதுக்குகிறார்கள் என நினைத்திருந்தேன்.

இன்று சேலத்திலிருந்து திரும்பும்போது, கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில் எதிர்வீட்டு நெசவாளர் என் வலப்பக்கம் உட்கார்ந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, தெனமும் பள்ளிக்கூடம் போறப்ப கூப்புடறனுங்க. திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறீங்க. அத்தன கருவமுங்களா?"

"எனக்கு இடது காது கேக்காதுங்க. பள்ளிக்கூடம் போறப்ப உங்க வீடு அந்தப் பக்கம்தானுங்க" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "தப்பா நெனச்சுப்போட்டமுங்க."

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மூன்று பேர் என் வாசலில் நின்று, "சௌக்கியமுங்களா!" என்று கத்தினார்கள். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்கள்.

காது கேட்காதவனுக்குப் பேச்சும் வராது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. நீங்களாவது பதிலுக்கு ஒரு தபால் கார்டு போடுங்கள்.