நூலால் அளந்த தூரம்

எழுபதுகளில் டெல்லி ஆவணக் காப்பகம் ஒன்றில் பழைய வரைபடங்களை எடுத்துக் கொடுப்பது என் வேலை. வாரம் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வருவார். ஒட்டிய கன்னம், கசங்காத சட்டை. வெள்ளைக்காரன் காலத்து ராமேஸ்வரம் தீவு வரைபடத்தைக் கேட்பார். கை வியர்வை தாளில் படாமல் கைக்குட்டையை விரித்து, தையல் நூலால் தனுஷ்கோடியில் ஒரு சிறு தூரத்தை அளப்பார். புது வரைபடங்களில் அந்தத் தெருக்கள் கிடையாது.

"என்ன சார் அளக்குறீங்க?" என்றேன் ஒருநாள்.

"அறுபத்திநாலு புயலன்னைக்கு நான் ரயில் ஸ்டேஷன்லயே நின்னுட்டேன். வீட்டுல அவளும் பிள்ளையும். ஓடியிருந்தா போய்ச் சேந்திருக்கலாமான்னு பாக்குறேன்."

"சேந்திருக்கலாமா?"

"மேப்புல போயிரலாம் சார்." நூலைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரமும் அதையே கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தூரம் நூலில் சுண்டுவிரல் நகத்தளவுகூட இராது.