நாய்க்குப் பார்க்கிற சோதனை

அமீரகத்தின் அல் ஐன் நகரில், பந்தயத் திடலருகே, பயிற்சி ஓட்டம் முடிந்து ஒரு சலூக்கி நாய் மூச்சிரைக்க நிற்கிறது. நாளை அதற்குப் பந்தயம். அதைப் பார்த்துக்கொள்ளும் பரமக்குடி வேலு உப்புச்சத்துப் பொடி கலந்த தண்ணீர் வாளியை நீட்டுகிறார். நாய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அதன் கழுத்துத் தோலைக் கிள்ளி விடுகிறார். தோல் மெதுவாகத்தான் இறங்குகிறது. சட்டென்று, வேடிக்கை பார்க்க வந்த என் புறங்கையையும் கிள்ளிப் பார்க்கிறார்.

“சார், நீங்களும் தண்ணி குடிக்கல.”

“நான் ஓடவே இல்லையே!”

“இந்த வெயில்ல நின்னாலே போதும் சார். இந்தாங்க.”

அதே பொடியை எனக்கும் ஒரு பேப்பர் கப்பில் கலக்குகிறார். ரோஷத்தோடு குடிக்கிறேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்த நாய், நெருங்கி வந்து என் கப்புக்குள் மூக்கை நுழைத்து மிச்சத்தை நக்குகிறது. பிறகு தன் வாளிக்கே போய்க் குடிக்கத் தொடங்குகிறது.

வேலு சிரிக்கிறார்: “நாளைக்கும் டியூட்டிக்கு வந்துருங்க சார்.”